இரண்டிரண்டாக

சமையலறைக்குள் காட்டுவாத்து புகுந்துவிட்டது என்றுதான்
துடைப்பத்தோடு போனேன்.
ஜனவரி, ஐந்தரை மணி, வெளியே நல்ல வெளிச்சம்.
வாத்து இல்லை.
யோவிஸ்னா நின்றிருந்தாள்,
நான்கு மாதக் குட்டி, கழுத்தை நீட்டி,
முள் சிக்கியதுபோல் ஒரு கனைப்பு,
முடிவில் தரையில் கொஞ்சம் வெள்ளை நுரை.

யோவிஸ்னா என்றால் தூறல்.
பிறந்தன்று தூறிக்கொண்டிருந்தது, வேறு காரணமில்லை.

போன வாரம் கம்பளி கத்தரிக்க வந்தவர்களின் லாரியிலிருந்து
ஏழு நாய்கள் குதித்தன.
அதில் ஒன்று இருமியது.
கேட்டேன்.
கேட்டுவிட்டு விறகு பொறுக்கப் போனேன்.

மூன்றாம் நாள் இருமல் குறைந்தது.
தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்ட முட்டாள் நான்.
கிண்ணத்தில் கறி அப்படியே காய்ந்தது.
மூக்கிலிருந்து மஞ்சள் சளி.
படுக்கமாட்டேன் என்றாள்,
முன்னங்கால் முட்டிகளை அகட்டிவைத்து
உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாள்.

போர்வெனிர் ஊருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்.
வானொலியில் மருத்துவர் நெவென்காவைப் பிடித்தேன்.
ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எண்ணிச் சொல்லுங்கள் நிபால்தோ.
எண்ணுவதா? எண்ணுவதுதானே என் பிழைப்பு!
கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தேன்.
விலா ஏறி இறங்கியது,
உதடு அசையாமல் எண்ணினேன்.
முப்பத்தொன்று.
அவர் குரல் தளர்ந்தது: அப்படியா, பரவாயில்லை,
ஈறு என்ன நிறம்?
உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
சிப்பியின் உட்புறம் இருக்குமே, அந்த நிறம்.
கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல் மட்டும்.
எப்படி எண்ணினீர்கள்?

அப்போதுதான் உறைத்தது.
முப்பது வருடமாகப் பட்டி வாசலில்
ஆடுகளை இரண்டிரண்டாகவே எண்ணுகிறேன்.
இரண்டு தலைக்கு ஒரு எண்.
அறுபத்திரண்டு, டாக்டர். அறுபத்திரண்டு.
இப்போதே கிளம்புங்கள்.

அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
சரளைக்கல், எதிர்க்காற்று.
ஒரு கை வளையத்தில், ஒரு கை அவள் முதுகில்.
கழுத்துப் பட்டையை வழியிலேயே அவிழ்த்து எறிந்தேன்,
எங்கே விழுந்ததோ.

எக்ஸ்ரேயில் விலாவுக்குள் மேகம் நின்றது.
நிமோனியா, என்றார் நெவென்கா,
ஆட்டுக்குட்டிகளுக்கு வருமே, அதே பெயர்தான்.
அந்தப் பெயர் எனக்குத் தெரியும்.
அந்தப் பெயருக்கு நான் மண்வெட்டிதான் எடுத்திருக்கிறேன்,
மருந்து எடுத்ததில்லை.
இரண்டு இரவு ஆக்சிஜன் கூண்டுக்குள்.
இரண்டு இரவு நான் லாரிக்குள்.

திரும்பி வரும்போது ஒரு டப்பா மாத்திரை,
ஒரு மிரட்டல்:
நன்றாகிவிட்டாள் என்று பாதியில் நிறுத்தினால்
என் முகத்தில் விழிக்காதீர்கள்.
உங்கள் இருமல் மருந்தை அவளுக்கு ஊற்றவும் கூடாது.
கிழட்டு நாய்கள் இரண்டும் கொட்டகையில் தனியே.
குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு,
கதவைச் சாத்தி,
ஆவிக்குள் அவளும் நானும் கால் மணி நேரம்.
பிறகு கையைத் தண்ணீர் அள்ளுவதுபோல் குழித்து
விலாவின் மேல் தட்டு, மெதுவாக, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
டொக் டொக் டொக்.
சளி இளகி அவள் இருமினால்
சபாஷ் என்பேன்.
இருமலுக்குச் சபாஷ் சொல்லும் நாள் வருமென்று
யார் கண்டார்கள்.

மாத்திரையை ஆட்டுக்கொழுப்பில் உருட்டித் தந்தால்
கொழுப்பைத் தின்றுவிட்டு
மாத்திரையை என் பூட்சுக்குள் துப்புவாள்.
அதைக் கண்டுபிடித்த அன்றுதான்
தேறுகிறாள் என்று நம்பினேன்.
முழு டப்பாவும் தீர்த்தேன், டாக்டர்,
பூட்சில் கிடந்ததையும் சேர்த்து.

நேற்று மதியம் மேய்ச்சலில் நின்றபோது
அதே கனைப்பு.
அரைக் காத தூரம் ஓடி வந்தேன்.
அடுப்பருகே பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தாள்,
கால்கள் கனவில் எதையோ துரத்தின.
ஜன்னலுக்கு வெளியே
நிஜமான வாத்து ஒன்று புல்லைக் கொத்திக்கொண்டு நின்றது.

கடிகாரத்தைக் கழற்றினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
இருபத்துநான்கு.
நம்பாமல் மறுபடி, ஒவ்வொன்றாக.

பட்டி வாசலைத் திறந்துபோட்டு வந்தது
சாயங்காலம்தான் நினைவு வந்தது.
எத்தனை ஆடு போனதென்று கேட்டால்
தெரியாது, எண்ணவில்லை.